வாசகர் கேள்வி – பதில்: தோய்க்கும் பலகை

சென்ற மாதம் கிணற்று நீர்ச் சிக்கனம் பற்றிய பதிலில், கல்லில் அடித்துத் தோய்ப்பதை விட, வரிவரியாக மேடு பள்ளம் உள்ள பலகையில் தேய்த்துத் தோய்த்தால் தண்ணீர் மிஞ்சும் என்று ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த இதழ் முழுவதையும் பலகைக்கே கொடுத்துவிட்டோம்.

அமெரிக்காவில் கொலம்பஸ் நகரில் மகள் வீட்டுக்குப் போகிறேன். அதற்குக் கிட்ட, தோய்க்கும் பலகை செய்யும் பழைய தொழிற்சாலை ஒன்று இருக்கிறதாமே? போய்ப் பார்த்தால் எதைக் கவனிக்க வேண்டும்? — வவுனியா வாசகர்

நீங்கள் கேட்பது கொலம்பஸ் வாஷ்போர்ட் கம்பெனி. 1895இல் கொலம்பஸ் நகரில் தொடங்கியது. 1999இல் லோகன் என்ற சிற்றூருக்கு இடம் மாறியது. 33ஆம் இலக்க நெடுஞ்சாலையில் தென்கிழக்காகக் காரில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலப் பயணம். சிறிய இடம் என்பதால் புறப்படுமுன் மகளைக் கொண்டு தொலைபேசியில் கேட்பியுங்கள். கடை திறந்திருக்கும் நாளில் பட்டறையிலும் வேலை நடக்கும் என்று சொல்ல முடியாது.

பட்டறையில் நெளித்தகட்டையும் சட்டத்தையும் பாருங்கள். தட்டைத் தகட்டில் மேடு பள்ளம் எப்படி விழுகிறது, அந்தத் தகடு இரண்டு கால்களிலும் வெட்டிய காடிக்குள் (நீள்வெட்டுக்குள்) எப்படி இறங்குகிறது என்பதில்தான் தொழில் இருக்கிறது. காடி இளகினால் தகடு ஆடும். ஆடுகிற தகட்டின் விளிம்பு துணியைக் கிழிக்கும். மேலே சவர்க்காரம் வைக்கிற தட்டு, கீழே தொட்டிக்குள் ஊன்றுகிற இரண்டு கால்கள், இடையில் தேய்க்கிற முகம். இவ்வளவுதான் பலகை.

கடையில் முதலில் கேட்க வேண்டியது, தோய்ப்பதற்கா, சுவரில் மாட்டுவதற்கா என்பது. அலங்காரத்துக்கு வாங்கியதைத் தண்ணீரில் போட்டால் அச்சடித்த எழுத்தும் பூச்சும் கழன்றுவிடும். முகம் நாகம் (துத்தநாகம்) பூசிய தகட்டிலும், துருப்பிடிக்காத உருக்கிலும், பித்தளையிலும், கண்ணாடியிலும் வரும். நம் உவர்க் காற்றுக்கும் கிணற்று நீருக்கும் துருப்பிடிக்காத உருக்கே சரி. கண்ணாடி துணிக்கு மிக மென்மையானது, ஆனால் பயணப் பெட்டியில் தப்பாது. பெரிய அளவு ஏறத்தாழ 24 அங்குல உயரம். வாளிக்குள் நிற்கும் சிறியது ஏறத்தாழ 18 அங்குலம், 8½ அங்குல அகலம். சிறியதே போதும், பெட்டிக்குள்ளும் அடங்கும்.

வாங்குமுன் உள்ளங்கையை முகத்தின் மேல் மேலும் கீழுமாக ஒரு தடவை ஓட்டுங்கள். எங்கே கை தடுக்கிறதோ அங்கேதான் நாளைக்கு நூல் இழுபடும்.

வீட்டில் கூரைத்தகரத் துண்டுகள் மிஞ்சிக் கிடக்கின்றன. அதையே சட்டத்தில் அடித்துப் பலகையாக்கலாமா? — முல்லைத்தீவு வாசகி

வேண்டாம். கூரைத்தகரத்தில் அலைக்கு அலை ஏறத்தாழ 3 அங்குலம் இருக்கும். பலகைக்கு வேண்டியது அரை அங்குலம். இது பலருக்கும் பிடிபடாத இடம்: பலகை துணியைச் சுரண்டுகிற அரம் அல்ல. ஒவ்வொரு பள்ளத்திலும் கொஞ்சம் சவர்க்கார நீர் தங்கும். துணி மேட்டில் ஏறும்போது பிழியப்படுகிறது, பள்ளத்தில் இறங்கும்போது அந்த நீரைத் திரும்ப உறிஞ்சுகிறது. அழுக்கை வெளியே கொண்டுவருவது இந்தப் பிழிதலும் உறிஞ்சுதலும்தான். 3 அங்குல அலையில் துணி வெறுமனே வழுக்கிக்கொண்டு போகும். அதோடு வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும். பழைய தகரத்தில் நாகப்பூச்சு தேய்ந்த இடமெல்லாம் துருக்கறை விடும்.

மல்லாவியில் தச்சுப்பட்டறை வைத்திருக்கிறேன். முழு மரத்தில் பலகை செய்து விற்க எண்ணம். எந்த மரம், என்ன அளவு?

மரத்தைத் தவறாக எடுத்தால் மற்ற வேலையெல்லாம் வீண். வன்னியில் முதலில் கைக்கு வருவது முதிரையும் பாலையும். முதிரையின் தூள் தச்சர்களுக்குத் தோலில் கடியும் சொறியும் கொண்டுவரும் என்பது பெயர்போன சங்கதி. ஈரக் கையோடு நெடுநேரம் உரசுகிற பொருளுக்கு அது ஆகாது. பாலை உழைக்கும், ஆனால் கனம். கிணற்றடிக்குத் தூக்கிப் போகிறவர் உங்களைத் திட்டுவார். பலாவைத் தொடவே வேண்டாம். பிக்குமாரின் காவிக்குச் சாயம் எடுத்த வயிரம் அது, வெள்ளைச் சட்டையை மஞ்சளாக்கிவிடும். புதுத் தேக்கும் தவிட்டு நிறச் சாறு விடும். பனஞ்சிலாகையின் கறுப்பு நார் ஈரம் பட்டதும் ஈர்க்காக எழும்பி விரலில் ஏறும். மா சீக்கிரம் உளுத்துப்போகும்.

எங்கள் தெரிவு சாவண்டலை, சிங்களத்தில் ஹல்மில்ல. பீப்பாயும் படகும் செய்த மரம்; அந்தக் காலத்து ஏற்றுமதி வணிகத்தில் 'திருகோணமலை மரம்' என்றே பெயர் பெற்றது. ஈரம் அதற்குப் புதிதல்ல. அது கிடைக்காவிட்டால் நன்றாக உலர்ந்த வேம்பு. இரண்டிலும் தளபாடப் பட்டறைகளின் கழிவுத் துண்டே போதும். எங்கே வாங்கினாலும் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள், அனுமதி இல்லாத மரத்தை ஏற்றி இறக்க வேண்டாம்.

அளவு: 18 அங்குலம் நீளம், 9 அங்குலம் அகலம், 1 அங்குலம் தடிப்பு. மேலே 3 அங்குலத்தை விட்டு, அதில் சவர்க்காரக் கட்டி இருக்க 2 நூல் (8 நூல் ஓர் அங்குலம்) ஆழத்தில் ஒரு குழி தோண்டி, நீர் வடிய ஒரு துளை போடுங்கள். கீழே 3 அங்குலத்தை விட்டு, அதன் நடுவில் வெட்டி எடுத்தால் இரண்டு கால் வரும். இடையில் உள்ள 12 அங்குலத்தில் 4 நூலுக்கு ஒன்றாக 24 பள்ளம்.

பள்ளத்தின் ஆழம் ஒன்று முதல் ஒன்றரை நூல், அதற்கு மேல் போக வேண்டாம். மர ரேகைக்குக் குறுக்கே வெட்டுகிறீர்கள், ஆகவே ஒவ்வொரு மேட்டிலும் நார் அரை அங்குல நீளம்தான் இருக்கிறது. ஆழமாக வெட்டி மேட்டைக் கூராக்கினால் முதல் மாதத்திலேயே துண்டு துண்டாகப் பெயரும். வாளின் பக்கத்தில் மெல்லிய றீப்பை (மரச்சலாகை) ஒன்றை இறுக்கிக் கட்டினால் ஒன்றரை நூலில் வாள் தானாக நிற்கும். பிறகு குழியுளியால் பள்ளத்தை வழித்து, அரத்தால் மேட்டை உருட்டி, 80, 120, 180 இலக்க அரத்தாள்களை வரிசையாகப் போடுங்கள். வேலை முடிந்தது என்று நினைக்கும்போது பலகையை நனைத்துக் காயவிடுங்கள். மயிர் போல நார் எழும்பும். அதை 180ஆல் தேய்த்து, மறுபடி நனையுங்கள். மூன்றாம் தடவை எழும்பாது. இந்த ஒரு நாள் வேலையைத் தவிர்த்த பலகைதான் நைலோன் துணியில் நூல் இழுக்கும்.

இயந்திர வசதி இருந்தால் பள்ளங்களை நேராக வெட்டாமல், நடுப்பகுதி முக்கால் அங்குலம் தாழ்ந்த வளைவாக வெட்டுங்கள். ஜப்பானியப் பலகைகள் அப்படித்தான். வளைவின் வயிறு கீழே பார்க்க வைத்துத் தோய்த்தால் சவர்க்கார நீர் நடுவில் தேங்கும். அலசும்போது பலகையைத் தலைகீழாகத் திருப்பினால் நீர் இரண்டு பக்கமும் ஓடிவிடும். தண்ணீர் குறைந்த ஆவணி, புரட்டாதியில் இதன் அருமை தெரியும்.

வார்ணிஷ், பெயின்ற் எதுவும் வேண்டாம். சவர்க்காரக் காரம் அதை உரித்துத் துணியில் ஒட்டவைக்கும்.

நானே ஒரு பலகை செய்தேன். துணியில் கறுப்புப் புள்ளி விழுகிறது, பலகையும் கிண்ணம் போல வளைந்துவிட்டது. — பூநகரி வாசகர்

புள்ளி உங்கள் இரும்பாணியின் வேலை. மரத்தின் துவர்ப்புச் சாறும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மை போலக் கறுக்கும். ஆணிகளைப் பிடுங்கிவிட்டுப் பித்தளைத் திருகாணி போடுங்கள். துணியில் விழுந்த புள்ளியில் எலுமிச்சம் புளி தடவி அரை மணித்தியாலம் விட்டு அலசினால் பெரும்பாலும் போய்விடும்.

வளைவுக்குக் காரணம், பள்ளம் வெட்டிய முகம் ஒரு வேகத்தில் நனைந்து காய, பின்முகம் வேறு வேகத்தில் காய்வது. பின்பக்கம் குறுக்காக இரண்டு றீப்பை வைத்துத் திருகுங்கள். ஓரத்துத் திருகாணித் துளைகளைக் கொஞ்சம் நீட்டி விடுங்கள், மரம் விரிந்து சுருங்க இடம் வேண்டும். இறுக்கிப் பூட்டினால் வெடிக்கும். தோய்த்ததும் அலசி, நிழலில் ஓரத்தில் நிறுத்திக் காயவிடுங்கள். மண்ணிலே சாத்தி வைத்தால் இரண்டு கிழமையில் கறையான் ஏறிவிடும்.

இதை இசைக்கருவியாகவும் வாசிக்கிறார்களாமே? — மாங்குளம் மாணவர்

ஆம். விரல்களில் தையல் விரலுறைகளை மாட்டி உலோக முகத்தில் உரசுவார்கள், தட்டுவார்கள். 1946இல் கிளிஃப்டன் ஷெனியே என்ற லூசியானா இசைக்கலைஞர் தன் எண்ணத்தைச் சொல்ல, வில்லி லாண்ட்ரி என்பவர் தோளில் கொளுவி மார்பில் தொங்கவிடும் நெளித்தகட்டு வாத்தியத்தைச் செய்து கொடுத்தார். அதற்கு 'ஃப்ரொட்டுவார்' என்று பெயர். மரப்பலகையில் அந்த ஓசை வராது.

பலகையில் தேய்த்தும் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை நரைத்துப்போகிறது. கையும் உரிகிறது. — கிளிநொச்சி வாசகி

நரைப்புக்குப் பலகை காரணமல்ல. உங்கள் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் கிணற்று நீரில் சுண்ணாம்பு கூட. சவர்க்காரத்தின் பெரும்பகுதி நுரைக்காமல் சுண்ணாம்போடு சேர்ந்து பிசுக்காகத் திரண்டு, நூலுக்குள் படிகிறது. அது அழுக்கு என்று நினைத்து இன்னும் சவர்க்காரம் போட்டால் இன்னும் நரைக்கும். 10 லீற்றர் வாளி நீரில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து, பத்து நிமிடம் விட்டு, அதன் பிறகு சவர்க்காரத்தைத் தொடுங்கள். அப்பச்சோடா அந்த வேலையைச் செய்யாது. சலவைச் சோடா கிடைக்காவிட்டால் அப்பச்சோடாவை எவர்சில்வர் சட்டியில் போட்டு, மெல்லிய தீயில் அரை மணித்தியாலம் கிளறி வறுங்கள், மாறிவிடும். ஆனால் அது தோலை எரிக்கும், பட்டுக்கும் கம்பளிக்கும் ஆகாது. மாரியில் பீலித் தண்ணீர் பிடித்து வைத்தால் வெள்ளை உடுப்புக்கு அதைவிட நல்ல நீர் இல்லை.

கை உரிவது விரல்களை மடக்கி முட்டியால் அழுத்துவதால். சட்டையை முதலில் 20 நிமிடம் ஊறவிடுங்கள். பலகையின் காலைத் தொட்டிக்குள் ஊன்றி, மேல்விளிம்பை வயிற்றோடு சாய்த்துக்கொள்ளுங்கள். கொலருக்குச் சவர்க்காரம் பூசி, தெறிகள் உள்ளே போகும்படி மடித்து, விரித்த உள்ளங்கையால் கீழ்நோக்கித் தள்ளுங்கள். மேலே வரும்போது அழுத்தாமல் தூக்கி வாருங்கள். பத்துத் தடவை தள்ளி ஒருமுறை நீரில் தோயுங்கள். பள்ளத்தில் நீர் வற்றிவிட்டதென்றால் வெறும் மரத்தில் தேய்க்கிறீர்கள், உடனே நிறுத்தி நனையுங்கள்.

வயல் சேற்றை ஈரத்தோடு தேய்க்காதீர்கள். காயவிட்டு உதறி, துலக்கி, பிறகு நனையுங்கள். வாழைக்கயரைப் பலகையில் எவ்வளவு தேய்த்தாலும் துணிதான் மெலியும். மஞ்சட்கறை சவர்க்காரம் பட்டதும் சிவக்கும், பயப்பட வேண்டாம். அலசிவிட்டு அந்த இடம் வெயிலைப் பார்க்கக் கொடியில் போடுங்கள். ஒரு பகலில் வெளிறும், போகாவிட்டால் மறுநாளும் நனைத்துப் போடுங்கள்.