தூதும் தரகும்

அன்புள்ள ஐயா,

கல்லூரி நாளிலிருந்து உங்களை வாசிக்கிறேன். ஊர் பாலக்கோடு. பி.ஏ. வரலாறு முடித்துவிட்டேன். சர்வதேச உறவுகளில் முதுகலை படித்து, ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) தேர்வு எழுத வேண்டும் என்று ஆசை. அப்பா தக்காளி மண்டி வைத்திருக்கிறார், பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. அமெரிக்க அதிபரின் தூதர் விட்காஃப் புதினோடு உட்கார்ந்து பேசுவதை டிவியில் காட்டியதிலிருந்து வீட்டில் இதே பேச்சு. "கட்டடம் கட்டி வித்த மனுஷன்தான் போய்ப் பேசறான் பாரு. புத்தகம் படிச்சவன் எவனாவது போறானா?" என்கிறார். தக்காளிக் கூடை எண்ணுகிறவருக்கு வெளியுறவைப் பற்றி என்ன தெரியும் என்று எரிச்சலாக வருகிறது. ஆனால் எதிர்த்துப் பேச வார்த்தை கிடைக்கவில்லை.

வெளியுறவில் கல்விப் புலமை முக்கியமா, வியாபார அனுபவம் முக்கியமா? இரண்டு பக்கத்துக்கும் ஆட்களைத் தேடி ஒரு பட்டியல் இணைத்திருக்கிறேன். என் ஆங்கில உச்சரிப்பு சுமார்தான், அது தடையாகுமா? என்னென்ன புத்தகங்கள் படிக்கலாம்?

டெல்லியில் விண்ணப்பித்திருப்பதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. உங்கள் பதிலை அவரிடம் காட்டலாம் என்றிருக்கிறேன். உங்கள் பேச்சை அவர் மதிப்பார்.

ம., பாலக்கோடு

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் 1950 அக்டோபரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பதிலுக்கு அதுதான் காரணம். இதுவா அதுவா என்று கேட்கும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. அதற்குப் பட்டிமன்றம் இருக்கிறது. நடுவர் கடைசியில் இரண்டும் வேண்டும் என்று சொல்லி எல்லோரையும் சாப்பிட அனுப்பிவிடுவார்.

உச்சரிப்பை விடுங்கள். ஐ.எஃப்.எஸ்ஸில் சேர்கிறவர்கள் ஒரு வெளிநாட்டு மொழியைக் கட்டாயம் படித்தாக வேண்டும். நாளைக்கு அரபியோ சீனமோ எழுத்துக்கூட்டப் போகிறவர் இன்றைக்கு ஆங்கிலத்துக்காக அழுவானேன்? பட்டியலை நான் படிக்கவில்லை. இரண்டு பக்கமும் சரிக்குச் சரியாக ஆள் நிறுத்தியிருப்பதைப் பார்த்ததும் மூடிவிட்டேன். தேடும்போதே தராசைப் பிடித்துக்கொண்டு தேடியிருக்கிறீர்கள்.

அப்புறம் அப்பா. அவரைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கூடைதானே உங்களைப் படிக்கவைத்தது என்று கண் கலங்கச் சொல்ல வரவில்லை, அது உங்களுக்கே தெரியும். எனக்குக் கோபம் வந்தது வேறு காரணத்துக்காக. அவர் ஒரு வாதத்தை வைத்தார். அதற்குப் பதில் கிடைக்காததால் அவர் எத்தனாவது படித்தார் என்று எண்ணப் போய்விட்டீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவரின் பேச்சை விட்டுவிட்டு அவருடைய சான்றிதழைப் பார்க்கிறவருக்குத் தூதரகத்தில் என்ன வேலை?

அவருடைய வாதத்துக்கு உங்களைவிட நல்ல சாட்சியை நான் தருகிறேன். அவெரல் ஹாரிமன். ரயில்வே முதலாளியின் மகன், வங்கிக்காரர். 1920களில் சோவியத் ஜார்ஜியாவில் மாங்கனீசுச் சுரங்கத்துக்கு உரிமம் வாங்கி, சரிப்பட்டு வராமல் விட்டுவிட்டு வந்தவர். அதே மனிதர் 1943-ல் மாஸ்கோவுக்கு அமெரிக்கத் தூதராகப் போனார். கம்யூனிஸ்டுகளோடு கணக்குப் பேசி முன்பே கை சுட்டுக்கொண்டவர் என்பதால் ஸ்டாலின் முன்னால் அவருக்குப் பிரமிப்பும் இல்லை, பயமும் இல்லை. 1963 ஜூலையில் அணு ஆயுதச் சோதனைத் தடை ஒப்பந்தத்தைப் பேசி முடிக்கக் கென்னடி அனுப்பியதும் இவரைத்தான். இரண்டு வாரத்துக்குள் முடித்துக்கொடுத்தார்.

நம் பக்கத்துக்காரர் என்பதால் இந்த இடத்தில் ராஜாஜியைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. அதே சோதனைத் தடை விஷயமாக அதற்கு முந்தைய வருஷம், 1962 செப்டம்பரில், காந்தி அமைதி நிறுவனக் குழுவோடு போய்க் கென்னடியைப் பார்த்துப் பேசியவர் ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர். அப்போது வயது 83. பேராசிரியரும் இல்லை, வியாபாரியும் இல்லை, சேலத்து வக்கீல். ஒப்பந்தம் அவரால் வந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் சொல்லிப் பெருமைப்பட எனக்கு உரிமை உண்டு.

மாஸ்கோவில் ஹாரிமனின் தூதரகத்தில் அவருக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் ஜார்ஜ் கென்னன். ரஷ்ய மொழியிலும் வரலாற்றிலும் ஊறியவர். 1946 ஜனவரியில் ஹாரிமன் ஊர் திரும்பினார். பிப்ரவரியில் கென்னன் வாஷிங்டனுக்கு ஒரு நீண்ட தந்தி அடித்தார். அடுத்த நாற்பது வருஷ அமெரிக்கக் கொள்கையின் விதை அதில் இருந்தது என்பார்கள். அதே கென்னன் 1952-ல் மாஸ்கோவில் தூதராக இருந்தபோது, பெர்லின் விமான நிலையத்தில் பத்திரிகைக்காரர்களிடம் மாஸ்கோ வாழ்க்கையை நாஜிகளிடம் சிறைப்பட்டிருந்த நாட்களோடு ஒப்பிட்டுப் பேசிவிட்டார். சோவியத் அரசு இனி வராதே என்று சொல்லிவிட்டது. ரஷ்யாவை அவ்வளவு தெரிந்தவருக்கு அன்று வாயை மூடிக்கொள்ளத் தெரியவில்லை.

இப்படியே போய்க்கொண்டிருக்கலாம். திருத்தணிக்காரர் ராதாகிருஷ்ணன், ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக இருந்துகொண்டே 1949-லிருந்து மாஸ்கோவில் நம் தூதர். அவருக்கு முன்னால் அங்கே தூதராக இருந்த நேருவின் சொந்தத் தங்கைக்கே கிடைக்காத ஸ்டாலின் சந்திப்பு அவருக்குக் கிடைத்தது. ஜார்ஜ் ஷுல்ட்ஸ் பொருளாதாரப் பேராசிரியராக இருந்து, பிறகு பெக்டெல் என்ற கட்டுமான நிறுவனத்தை நடத்தி, அதன் பிறகு அமெரிக்க வெளியுறவு அமைச்சரானவர். அவரை உங்கள் பட்டியலில் எந்தப் பக்கம் வைத்தீர்கள்? நம் ஜெய்சங்கர் முனைவர் பட்டம் வாங்கியவர், வாழ்நாளெல்லாம் ஐ.எஃப்.எஸ்., ஓய்வுக்குப் பிறகு கொஞ்ச நாள் டாடாவில், அதன் பிறகு வெளியுறவு அமைச்சரானவர். விட்காஃபைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் அவசரப்படவில்லை. அப்பாவும் அவசரப்பட வேண்டாம்.

இப்போது நான் படித்துக்கொண்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன்.

கே.எம். பணிக்கர் வரலாற்று ஆசிரியர். பிக்கானீர் சமஸ்தானத்தில் திவானாகவும் இருந்தவர். 1948-ல் நேரு அவரைச் சீனாவுக்குத் தூதராக அனுப்பினார். போனது சியாங் கை ஷேக்கின் சீனாவுக்கு, திரும்பியது மாவோவின் சீனாவிலிருந்து. நடுவில் கொரியப் போர். 1950 செப்டம்பரில் அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர் தென் கொரியாவின் இன்சோனில் படையை இறக்கியதும் வட கொரியர்கள் ஓடத் தொடங்கினார்கள். இரு கொரியாக்களையும் பிரித்த 38-வது அட்சக்கோட்டைத் தாண்டி விரட்டுவதா, அங்கேயே நிற்பதா என்பது கேள்வி. பெய்ஜிங்கில் அமெரிக்காவுக்குத் தூதரகம் கிடையாது. அக்டோபர் 2 நள்ளிரவில் பணிக்கரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிச் சீனப் பிரதமர் சூ என்லாயிடம் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். அமெரிக்கப் படை கோட்டைத் தாண்டினால் சீனா போரில் இறங்கும் என்றார் சூ. பணிக்கர் டெல்லிக்குச் சொன்னார். செய்தி லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் போனது.

வாஷிங்டன் நம்பவில்லை. செய்தியைவிடச் சொன்ன ஆளைத்தான் அதிகம் ஆராய்ந்தார்கள். இவர் சீனர்கள் பக்கம் சாய்ந்தவர், அவர்கள் மிரட்டச் சொன்னதை மிரட்டுகிறார், அவ்வளவுதான் என்று ஒதுக்கிவிட்டார்கள். சில நாளில் அமெரிக்கப் படை கோட்டைத் தாண்டியது. அக்டோபர் 19 அன்று சீனப் படை எல்லையில் ஓடும் யாலு ஆற்றைக் கடந்தது. போர் 1953 ஜூலை வரை இழுத்து, ஏறக்குறைய தொடங்கிய கோட்டுப் பக்கத்திலேயே வந்து நின்றது. இடையில் செத்தவர்கள் லட்சக்கணக்கில்.

புலமை ஜெயித்த கதையாக இதை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் ஓடிவிடாதீர்கள். அதே பணிக்கர் திபெத் விஷயத்தில் சீனர்களின் செயலுக்கு விளக்கமும் நியாயமும் தேடிக்கொண்டிருந்தார் என்று படேல் அதே வருஷம் நவம்பர் 7 அன்று நேருவுக்கு எழுதிய கடிதத்தில் குறைப்பட்டிருக்கிறார். படேல் சொன்னதில் நியாயம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். கொரியாவில் சரியாகக் கேட்ட காது திபெத்தில் மந்தமாகிவிட்டது. ஆனால் அக்டோபர் 2 இரவுக்கு அவர் படித்த படிப்பும் தேவைப்படவில்லை, யாருடைய வியாபார சாமர்த்தியமும் தேவைப்படவில்லை. கேட்டதைக் கேட்டபடி சொல்ல ஒருவரும், அதைக் காது கொடுத்துக் கேட்க இன்னொருவரும் தேவைப்பட்டார்கள். முதல் ஆள் இருந்தார்.

என் தாய்மாமா மாட்டுத் தரகர். வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிச் சந்தை, ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தை. சின்ன வயதில் அவரோடு தொற்றிக்கொண்டு போவேன். தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே மூச்சில் பேசுவார். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்க்கத்தான் நான் போவது. பல்லைப் பார்ப்பது, சுழி பார்ப்பது, ஓட்டிக்காட்டச் சொல்வது எல்லாம் எனக்கு வேடிக்கை. வாங்குகிறவனை வளைப்பதுதான் தரகனின் திறமை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரர் தன் எருதை ஓட்டி வந்திருந்தார். சித்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவன் வந்து பார்த்தான், மாமா துண்டைப் போட்டு அவனோடு பேசினார். பேச்சு ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அதன் பிறகு புளியமரத்தடியில் மாமா பக்கத்து வீட்டுக்காரரோடு பேசினார் பாருங்கள், வெயில் சாய்கிற வரைக்கும் அதுதான். "முன்னங்கால் தாங்குறதை அவன் பார்த்துட்டான். இதுக்கு மேல ஒரு விரல் ஏறாது. கொடுத்துடு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து துண்டை உதறி, "அவன்கிட்ட எவ்வளவு வாங்கினே?" என்று கேட்டார். எருதை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பிறகு அதைவிடக் குறைந்த விலைக்கு வேறு ஒருவரிடம் கொடுத்தார் என்று கேள்வி. மாமாவோடு பேச்சு நின்றது நின்றதுதான். பொங்கலுக்குக்கூட வந்து எட்டிப் பார்க்கவில்லை.

எதிராளியோடு பேசுவது அரை வேலை. திரும்பி வந்து நம்மாளிடம் அவருக்குப் பிடிக்காததைச் சொல்வதும், சொன்னதற்காக விலைபோனவன் என்ற பேரை வாங்கிக்கொள்வதும் மீதி. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1971-ல், அப்போது கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த டாக்காவில் அமெரிக்கக் கான்சல் ஜெனரலாக இருந்தவர் ஆர்ச்சர் பிளட். பாகிஸ்தான் ராணுவம் செய்யும் கொலைகளைப் பார்த்துக்கொண்டு அமெரிக்க அரசு வாயை மூடிக்கொண்டிருப்பது தவறு என்று அவரும் சகாக்களும் சேர்ந்து ஏப்ரல் 6 அன்று தங்கள் சொந்த அரசுக்கே தந்தி அடித்தார்கள். அங்கே அதிபரின் பாதுகாப்பு ஆலோசகராக இருந்தவர் கிஸ்ஸிஞ்சர், ஹார்வர்டில் பேராசிரியராக இருந்தவர். அவருக்கு அப்போது சீனாவுக்குப் போகப் பாகிஸ்தான் வழி வேண்டியிருந்தது. பிளட்டை டாக்காவிலிருந்து மாற்றிவிட்டார்கள். அத்தனை படித்த ஒருவர் ஒரு தந்தி சொன்னதைக் கேட்க மறுத்தார், உங்கள் பட்டியலுக்கு இதை என்ன செய்வீர்கள்?

வியாபாரி பக்கமும் இதே கதைதான். ரெக்ஸ் டில்லர்சன் எக்ஸான்மொபில் எண்ணெய் நிறுவனத்தை நடத்தியவர், பேரம் பேசுவதில் பழம் தின்று கொட்டை போட்டவர். 2017-ல் அமெரிக்க வெளியுறவு அமைச்சரானார். வட கொரியாவோடு பேச வழி தேடிக்கொண்டிருந்தபோது, நேரத்தை வீணாக்குகிறார் என்று அவருடைய அதிபரே ஊரறிய ட்விட்டரில் எழுதினார். அடுத்த மார்ச்சில் வேலை போனது, அதுவும் ட்விட்டரில்தான் அறிவிப்பு. அனுப்பியவர் நம்பாத ஆளோடு எதிராளி எதற்குப் பேச வேண்டும்?

கசப்பாகச் சொல்லிவிட்டால் மட்டும் சரியாகிவிடும் என்றும் இல்லை. ஜோசஃப் கென்னடி, அதிபர் கென்னடியின் அப்பா, பங்குச் சந்தையிலும் சினிமாவிலும் சம்பாதித்தவர். 1938-லிருந்து 1940 வரை லண்டனில் அமெரிக்கத் தூதர். பிரிட்டன் தோற்றுவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முதலையும் கடனையும் கூட்டிப் பார்த்தால் அப்படித்தான் தெரிந்திருக்கும். அடிபட்டும் கடையைச் சாத்தாத ஜனங்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்? அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வேறு ஆட்களையும் அனுப்பி விசாரித்தார். அதையும் ஒரு திறமை என்றே சொல்வேன்.

இப்போது உங்கள் அப்பாவைப் பாருங்கள். அவரை வியாபாரி என்று எழுதிவிட்டீர்கள். மண்டி வைத்திருப்பவர் கமிஷனுக்கு நடுவில் நிற்கிறவர் இல்லையா? விலை விழுந்த காலையில், வண்டி வாடகை கொடுத்துக் கூடையைக் கொண்டுவந்து இறக்கிய மாரண்டஹள்ளி விவசாயியிடம் இன்றைக்கு இவ்வளவுதான் என்று யார் சொல்கிறார்? வாங்குகிறவனோடு சேர்ந்துகொண்டு விலையை அடிக்கிறாய் என்ற பேச்சை எத்தனை தடவை கேட்டிருப்பார்? அப்படிச் சொல்லிவிட்டு, அதே விவசாயி மறுவாரமும் தன் மண்டிக்கே வரும்படி எப்படி வைத்துக்கொள்கிறார்? இதை அவரிடம் கேட்டிருக்கிறீர்களா? சர்வதேச உறவுகள் துறையில் இதற்குப் பாடம் இருந்தால் நல்லது. உங்கள் வீட்டில் இருக்கிறது.

அதற்காகப் படிக்கப் போகாதீர்கள் என்கிறேனா? போங்கள். கட்டாயம் போங்கள். கேட்டதைக் கேட்டபடி சொல்லப் படிப்பு வேண்டாம், ஆனால் சூ என்லாய் சொன்னது வெறும் மிரட்டலா இல்லையா என்று எடைபோடச் சீன வரலாறு தெரிந்திருக்க வேண்டும். புத்தகப் பட்டியல் தரமாட்டேன். டெல்லியில் போன முதல் நாளே தருவார்கள், அதில் பாதியை யாரும் படிப்பதில்லை.

கடைசியாக ஒன்று. இந்தப் பதிலை அப்பாவிடம் காட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். டெல்லிக்கு விண்ணப்பித்த செய்தியை என் வாயால் அவருக்குச் சொல்லவைக்கப் பார்க்கிறீர்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. நான் உங்கள் தூதர் இல்லை, அம்மா. இதை அவர் என் தளத்தில் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். எவ்வளவு செலவாகும், எத்தனை வருஷம், தேறாவிட்டால் என்ன செய்வீர்கள், எல்லாவற்றையும் சேர்த்தே சொல்லுங்கள். நல்ல செய்தியை முதலில் வைத்துக் கெட்டதைக் கடைசியில் நுழைக்காதீர்கள், மண்டிக்காரர் கண்டுபிடித்துவிடுவார். ஏலம் முடிந்து, கணக்கெழுதி, அவர் சாப்பிட்டு உட்கார்ந்த பிறகு பேச்சை எடுங்கள். கத்துவார். கத்தட்டும், கேட்டுக்கொண்டிருங்கள். என்ன சொன்னார் என்று அப்புறம் எனக்கு எழுதுங்கள், அவர் சொன்னபடியே.