கண் தெரியாத பேரரசர்

அன்புள்ள ஐயா,

சீனாவின் கடைசிப் பேரரசர் பூயிக்கு ஆங்கிலம் கற்பித்த ரெஜினால்ட் ஜான்ஸ்டனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவருகிறேன். அவர் பிரிட்டிஷாரின் கையாளா? அரண்மனையில் சம்பளம் வாங்கிக்கொண்டு பாடம் சொன்னவரை ஆசிரியர் என்று சொல்லத்தான் முடியுமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கையாளா என்ற கேள்வியில் எனக்கு ஆர்வமில்லை. பிரிட்டிஷார் குத்தகைக்கு எடுத்திருந்த வெய்ஹாய்வெய் என்ற சீனக் கடற்கரைப் பகுதியில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்தவர், முடியாட்சியை விரும்பியவர். இரண்டையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் ‘சம்பளம் வாங்கிக்கொண்டு’ என்கிறீர்களே, சம்பளம் வாங்காத ஆசிரியர் யார்? வீடு தேடிவந்து சொல்லிக்கொடுப்பவரை வேலையாள் வரிசையில் நிறுத்தும் புத்தி இது. உங்களுக்கு வேண்டாம்.

அரண்மனை வாத்தியாரின் அவஸ்தையை யோசித்துப் பாருங்கள். மாணவன் பேரரசன், கண்டிக்க முடியாது. பூயி தப்புச் செய்தால், அவனோடு கூடப் படித்த யூசோங் என்ற பையன்தான் திட்டு வாங்குவான். பூயியே தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். தப்பைச் சொல்ல முடியாத இடத்தில் குறையையும் சொல்ல முடியாது. ஜான்ஸ்டன் 1919இல் வந்தபோது பூயிக்கு 13 வயது. அரியணை போய் ஏழு வருடம் ஆகியும் மதிலுக்குள் பேரரசன்தான். பகலும் இரவும் அத்தனை ஏவலர்கள் பார்த்துக்கொண்டிருந்த பையன். அவனுக்குப் பார்வை மங்கல் என்று வாய்விட்டுச் சொன்னவர் ஜான்ஸ்டன். பேரரசர் கண்ணாடி போடுவதா என்று மூத்த அரசியர் மறுத்தார்கள். வேலையை விட்டுப் போய்விடுவேன் என்று சொல்லித்தான் 1921இல் கண் மருத்துவரை உள்ளே வரவழைத்தார். பிறகு ஜப்பானியர் மஞ்சூரியாவில் பூயியைப் பொம்மை அரசராக உட்காரவைத்தார்கள். அதை எந்த வாத்தியாராலும் தடுத்திருக்க முடியாது. கண்ணாடி மட்டும் கடைசிவரை அவர் முகத்தில் இருந்தது.

எனக்கும் ஏழாம் வகுப்புவரை கரும்பலகை வெறும் சாம்பல் நிறம். பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதி, காப்பியடிக்கிறேன் என்று அடி வாங்கியிருக்கிறேன். ட்யூஷன் அக்கா ஒருநாள் என் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கி, நாலடி தள்ளிப் பிடித்து, “படிடா” என்றார். நான் விழித்தேன். அவர் திட்டவில்லை. விளக்கை அணைத்துவிட்டு நேரே அம்மாவிடம் போனார். வகுப்புக் கடிகாரத்துக்கு விநாடிமுள் ஒன்று உண்டு என்பது அடுத்த மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த அக்காவும் சம்பளம் வாங்கியவர்தான், இரண்டு மாதம் பாக்கியோடு. கட்டுரையைக் கண் மருத்துவர் உள்ளே வந்த நாளிலிருந்து தொடங்குங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள்.