‘அட்வான்ஸைக் கட்டினால்தான் விடுவோம்’ என்று மிரட்டினால்?

கேள்வி: என் அக்கா மகளுக்கு 20 வயது. ஸ்பா வேலை என்று ஏஜென்ட் ஒருவர் வெளியூருக்கு அழைத்துப்போனார். பாலியல் தொழிலில் தள்ளிவிட்டார்கள். நகையையும் போனையும் பிடுங்கிக்கொண்டு, அட்வான்ஸ் 60,000 ரூபாயைக் கேட்கிறார்கள். போலீஸுக்குப் போனால் அவள் மேலேயே கேஸ் வருமா? - வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: பணம் கட்டாதீர்கள். கட்டினால் கடன் இன்னும் பாக்கி என்பார்கள், இல்லையென்றால் இடத்தை மாற்றிவிடுவார்கள். 1956-ம் ஆண்டு விபசாரத் தடுப்புச் சட்டத்தின் 6-வது பிரிவு இந்த விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்கிறது. போக விடாமல் தடுப்பதற்காக நகை, உடை, பணத்தைப் பிடித்து வைத்தாலே, அடைத்து வைத்திருப்பதாகச் சட்டம் அனுமானிக்கும். தண்டனை குறைந்தது 7 ஆண்டு. அடைத்துவைத்தவர், தான் கொடுத்ததாகச் சொல்லும் பணத்தைக் கேட்டு அந்தப் பெண் மீது வழக்கே போட முடியாது.

புகாரை எப்படி எழுதுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். ‘அந்த வீட்டில் விபசாரம் நடக்கிறது’ என்று மட்டும் எழுதினால் அது வெறும் ரெய்டாக முடிந்துவிடலாம். ‘வேலை ஆசை காட்டி அழைத்துப்போய், விருப்பமில்லாமல் அடைத்து வைத்திருக்கிறார்கள்’ என்று எழுதுங்கள். அப்போதுதான் பாரதிய நியாய சன்ஹிதாவின் (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டம்) 143-வது பிரிவு, அதாவது ஆள்கடத்தல், வரும். ஏஜென்டின் எண், வாய்ஸ் மெசேஜ், லொகேஷன், பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் அழிக்காமல் இணையுங்கள். நீங்களாகப் போய்க் கதவைத் தட்டாதீர்கள். முன்கூட்டியே தெரிந்தால் அன்றிரவே வீட்டைக் காலிசெய்துவிடுவார்கள்.

சம்பவம் வெளியூரில் என்று சொல்லி உங்கள் பகுதி ஸ்டேஷன் திருப்பி அனுப்பக் கூடாது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். (சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் பதிவுசெய்யும் முதல் தகவல் அறிக்கை) போட்டு அங்கே அனுப்ப வேண்டும்; நகல் இலவசம். மறுத்தால் புகாரைப் போலீஸ் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் உடனே 112.

அவள் மேல் கேஸ் வருமா என்ற பயம் நியாயமானது. ரெய்டில் பிடிபட்ட பெண்களைக் குற்றவாளிகளைப்போல நடத்தியது உண்டு. ஆனால், ரெய்டின்போது பாலியல் தொழிலில் உள்ள பெண்களைக் கைதுசெய்யவோ துன்புறுத்தவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் உத்தரவிட்டிருக்கிறது. பெண் போலீஸ்தான் விசாரிக்க வேண்டும்.

மீட்ட அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எண்ணாதீர்கள். மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, உறவினர்கள் உண்மையானவர்களா, வீடு பாதுகாப்பானதா என்று விசாரிப்பார்கள். அதுவரை, அதிகபட்சம் மூன்று வாரம், காப்பகத்தில் இருக்க நேரலாம். ஆதார், ரேஷன் கார்டு, அவளுடைய பள்ளிச் சான்றிதழுடன் அக்காவே நேரில் போகட்டும். இலவச வழக்கறிஞருக்கும் இழப்பீட்டு மனுவுக்கும் சட்ட உதவி எண் 15100, தங்குமிடத்துக்கும் கவுன்சலிங்குக்கும் பெண்கள் உதவி எண் 181.