கல் கோடரியும் மழையும்

கேள்வி: மத்திய அமெரிக்காவின் மாயர்கள் காட்டை வெட்டித் தீர்த்ததால் மழை பொய்த்து, அந்த இனமே அழிந்தது என்று படித்தேன். இயந்திரம் இல்லாத காலத்தில் வெறும் இரும்புக் கோடரியால் ஒரு வட்டாரத்தின் பருவநிலையை மாற்ற முடியுமா? கதை விடுகிறார்களா?

பதில்: முதலில் இரண்டு திருத்தம். மாயர்கள் அழியவில்லை. குவாத்தமாலாவிலும் மெக்சிகோவிலும் இன்றும் பல லட்சம் பேர் மாய மொழிகளில்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள், உங்கள் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள். காலியானவை டிக்கால் போன்ற தெற்குச் சமவெளி நகரங்கள், அதுவும் கி.பி. 9ஆம் நூற்றாண்டை ஒட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக. அப்புறம், அவர்களிடம் இரும்பே கிடையாது. கல் கோடரிதான். கூடவே நெருப்பு, அதை நீங்கள் மறந்துவிட்டீர்கள்.

சரி, முடியுமா என்றால், ஓரளவுக்கு முடியும். அந்தப் பக்கத்து ஏரிகளில் குழாய் இறக்கி அடிச்சேற்றை எடுத்துப் பார்த்தவர்களுக்கு, மரங்களின் மகரந்தம் குறையக் குறைய மக்காச்சோளம், களை இவற்றின் மகரந்தம் ஏறுவது அடுக்கடுக்காகத் தெரிந்தது. சோளக்கொல்லைக்கு மட்டும் காடு போகவில்லை. கோயிலுக்கும் முற்றத்துக்கும் பூசச் சுண்ணாம்பு வேண்டும், அதற்குச் சுண்ணாம்புக்கல்லை 800 டிகிரிக்கு மேல் சுட வேண்டும், அதனால் சுமை சுமையாக மரத்தை வெட்டி அடுக்கி, மேலே கல்லைக் குவித்துத் தீ வைத்தார்கள்.

காடு கருமையானது, வெயிலை வாங்கிக்கொள்ளும். அந்தச் சூட்டில் இலைகளின் ஈரம் ஆவியாகி மேலேறி மேகத்துக்குத் தீனி போடும். வெட்டவெளி ஆக்கிவிட்டால் வெளிறிய தரை வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, பயிரின் வேரும் மரத்தின் அளவுக்கு ஆழம் போவதில்லை, ஆவி குறைகிறது, மழையும் குறைகிறது.

எவ்வளவு குறையும் என்பதில்தான் பத்திரிகைக்காரர்கள் (என்னையும் சேர்த்துத்தான்) கோட்டை விடுகிறோம். நாசா ஆய்வாளர்களின் ஒரு கணினிக் கணக்கில் 20 முதல் 30 சதவீதம் மழை குறைந்தது, தலைப்பும் அதுதான் ஆனது. ஆனால் அது ஒரு மரம்கூட மிச்சமில்லை என்று வைத்துப் போட்ட கணக்கு! 2012இல், அன்றைய மக்கள்தொகைக்கு எவ்வளவு வெட்டியிருப்பார்கள் என்று பார்த்துப் போட்டபோது 5 முதல் 15 சதவீதம்தான் வந்தது. அதுவும் சாதாரணமில்லை. டிக்காலில் ஆறு கிடையாது, மழைநீரைக் குளங்களில் பிடித்து வைத்துத்தான் கோடையை ஓட்டினார்கள்.

ஆனால் வறட்சியை உண்டாக்கியதே கோடரி என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாயர் நாட்டின் வடபகுதியான யூகட்டானில், சிச்சன்கனாப் ஏரிச் சேற்றில் ஜிப்சம் என்ற தாது படிந்திருப்பதை 1995இல் வெளியிட்டார்கள். ஏரி வற்றினால்தான் அது அப்படிப் படியும். கி.பி. 800க்கும் 1000க்கும் இடையே வந்த அந்த வறட்சி இயற்கையின் போக்கில் வந்தது, காட்டை அழித்தது அதைக் கடுமையாக்கியது, அவ்வளவுதான். மழை இன்னும் குறைவாகப் பெய்யும் வடக்கில்தான் அதே காலத்தில் சிச்சென் இட்சா என்ற மாயர் நகரம் தழைத்தது, அதற்கு உங்கள் 'மழை பொய்த்ததால் அழிந்தார்கள்' என்ன பதில் சொல்லும்? தெற்கிலும் பிறகு மழை திரும்பியது, காடு திரும்பி வந்து கோபுரங்களையே மூடியது. ஜனங்கள்தான் டிக்காலுக்குத் திரும்பவில்லை.