பைண்டு வால்யூமின் மறுபக்கம்

அன்புள்ள ஐயா,

போன மாதம் அம்மா தவறிப்போனார். அவருடைய டிரங்குப் பெட்டியில், ‘கல்கி’ பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு செய்த பொன்னியின் செல்வன் ஐந்து வால்யூம் இருக்கிறது. பாட்டி வாராவாரம் சேர்த்தது என்பார். கடையில் புதுப் புத்தகமே கிடைக்கும்போது இது எதற்கு, பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம் என்கிறான் மகன். எனக்கு மனசு வரவில்லை. இதை வைத்துக்கொள்வதில் அர்த்தம் உண்டா?

ச., கும்பகோணம்

அன்புள்ள ச.,

அம்மாவின் மறைவுக்கு வருந்துகிறேன். வால்யூம்களைப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் படங்களின் மூலையைப் பாருங்கள். ‘மணியம்’ என்று கையெழுத்து இருந்தால், 1950 அக்டோபரில் தொடங்கி மூன்றரை ஆண்டு ஓடிய முதல் வரவாக இருக்கலாம். கல்கி இதழ் அந்தத் தொடரைப் பிறகும் பலமுறை வெளியிட்டது. வினு, பத்மவாசன் என்று ஓவியர்கள் மாறினார்கள்.

புத்தகம் இருக்கிறதே என்கிறார் உங்கள் மகன். அது கதை. உங்களிடம் இருப்பது பத்திரிகை. தமிழின் முதல் நாவல் 1879இல் நேராகப் புத்தகமாக வந்தது. ஆனால் ராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரம் 1893இலிருந்து ‘விவேக சிந்தாமணி’ என்ற மாத இதழில்தான் வளர்ந்தது. பிறகு வாரப் பத்திரிகைகள் வந்தன, கூடவே ‘தொடரும்’ வந்தது. பொன்னியின் செல்வனை இன்று ஒரே மூச்சில் படிக்கிறவர்கள், அத்தியாயத்துக்கு அத்தியாயம் எழுத்தாளர் கல்கி ஏன் இப்படி யாரையாவது இருட்டில் நிறுத்திவிட்டுப் போகிறார் என்று சலித்துக்கொள்கிறார்கள். அந்த இருட்டு ஏழு நாளைக்கானது. ஒரு இதழைப் படித்துவிட்டு அடுத்த இதழ்வரை திண்ணையில் பேசித் தீர்ப்பதற்கானது. இதை மறந்து அவரைத் திட்டுவது நியாயமில்லை என்பது என் கட்சி.

அதே கல்கி ‘ஆனந்த விகட’னில் தியாகபூமி எழுதியபோது, ஓவியத்துக்குப் பதில் சினிமா ஸ்டில்களே வந்தன. 1939இல் வெளியான படம் அப்போது தயாராகிக்கொண்டிருந்தது. புத்தகமாக மட்டும் படிக்கிறவருக்கு இந்தக் கூத்து எப்படித் தெரியும்?

என்னிடமும் இப்படி ஒரு வால்யூம் உண்டு, வேறொரு தொடர். பைண்டர் ஓரம் வெட்டும்போது கத்தி கொஞ்சம் உள்ளே இறங்கிவிட்டது. நாற்பது பக்கத்துக்கு வரிக்கடைசி எழுத்து இல்லை, நாமே போட்டுப் படித்துக்கொள்ள வேண்டும். பக்கத்தைத் திருப்பினால் பாதி ஹேர் ஆயில் விளம்பரம், ஒரு துணுக்கின் முதல் மூன்று வரி. மாமியாரிடம் மருமகள் என்ன சொன்னாள் என்பது அடுத்த பக்கத்தோடு பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது. முப்பது வருஷமாக எனக்கு அந்தப் பதில் தெரியவில்லை. இரண்டாவது வால்யூமை இரவல் வாங்கிப்போனவர் இன்னும் திருப்பித் தரவில்லை என்பது தனிக்கதை.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். தொடரைக் கிழித்து வைத்த இதே கைகள்தான் மிச்சப் பத்திரிகையைக் கடலை மடிக்க அனுப்பின. அப்படியே முழு இதழாகச் சேர்த்தவர்கள் அபூர்வம். கோட்டையூர் ரோஜா முத்தையா அப்படிப்பட்டவர். விளம்பரப் பலகை எழுதும் தொழில், வீடு நிறையப் பழைய அச்சு. அவர் சேகரிப்பை வைத்துத்தான் சென்னையில் 1994இல் அவர் பெயரில் நூலகம் அமைந்தது. வைத்துக்கொள்ள முடியாத நிலை வந்தால் அங்கே ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கள்.

கிழிசலுக்கு செலோ டேப் ஒட்டாதீர்கள், பழுப்பேறிக் காகிதத்தைத் தின்றுவிடும். வெயிலில் காயவைக்க வேண்டாம், நிழலில் காற்றாட விரித்தால் போதும். பழைய பைண்டர்கள் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அதனால் புரட்டிய கையைக் கழுவிவிடுங்கள்.

மகனிடம் சொல்லி ஒவ்வொரு தாளையும் இரண்டு பக்கமும் போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். மறுபக்கத்தில் மாமியார் மருமகள் துணுக்கு எங்காவது முழுசாகக் கிடைத்தால் எனக்கு அனுப்புங்கள்.