ஆங்கில எழுத்தில் ஒரு குறள்

கேள்வி: மெல்பர்னில் ஏழு ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் தமிழ்ப் பள்ளி நடத்துகிறேன். 42 பிள்ளைகள். "ஒரு வருடமாகப் பணம் கட்டுகிறோம், பாட்டியிடம் நான்கு வார்த்தை பேச வரவில்லையே" என்கிறார்கள் பெற்றோர். சிலருக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தின் மதிப்பெண் மட்டுமே குறி. ஆண்டு விழாவுக்கு எட்டு வாரம் பாடத்தை நிறுத்திவிட்டு, குறள்களை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யவைக்கிறேன். அன்று மட்டும் கைதட்டுகிறார்கள். மற்ற நாளெல்லாம் குறைதான். இவர்களை எப்படிச் சமாளிப்பது?
– வாசகி, மெல்பர்ன்

பதில்: ஆங்கில எழுத்திலா? போகிற போக்கில் அதை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் அதைத் தாண்ட முடியவில்லை.

எழுத்துக்கெல்லாம் அகரம் முதல் என்கிறது முதல் குறள். அந்தக் குறளையே 'அ' எழுதத் தெரியாத பிள்ளையிடம் வேற்றெழுத்தில் கொடுக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது, அம்மா? அந்தத் துண்டுச் சீட்டில் பல்லியும் பள்ளியும் ஒன்று. மனமும் மணமும் ஒன்று. கரையும் கறையும் ஒன்று. எதைப் பார்த்துப் பிள்ளை நாக்கை மடிக்கும்?

பெற்றோரின் எதிர்பார்ப்பைக் குறை சொல்கிறீர்கள். அதை வளர்த்தது யார்? மேடையில் பத்துக் குறளை மளமளவென்று ஒப்பிக்கும் மகனைப் பார்த்த தகப்பன், 'இவ்வளவு வந்தவனுக்குப் பேச்சு ஏன் வரவில்லை' என்று கேட்கத்தான் செய்வார். நீங்கள் காட்டியதை அவர் நம்பினார். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்விலோ தேர்வாளர் எதிரே உட்கார்ந்து தமிழில் பேச வேண்டும், தமிழிலேயே எழுதவும் வேண்டும். அங்கே உங்கள் சீட்டு எதற்கு உதவும்?

பெற்றோரையும் விடுவதாக இல்லை. அங்கே பள்ளி ஆண்டு ஏறக்குறைய 40 வாரம். வாரம் இரண்டு மணி என்றால் 80 மணி நேரம். கூட்டிப் பார்த்தால் மூன்றரை நாள்கூட ஆகாது. மீதி நாளெல்லாம் பிள்ளை யார் வீட்டில் வளர்கிறது? "இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா" என்று கேட்க நீங்களா போக முடியும்? தாய்மொழியைக் கொடுப்பது பெற்றவர்களின் கடமை. அதற்கு மேல் எழுத்தும் இலக்கணமும் கொடுப்பது உங்கள் கடமை. கட்டணம் கட்டியதால் முதல் கடமை தீர்ந்துவிடாது. தாய், தந்தையில் ஒருவருக்குத் தமிழ் தெரியாத வீடுகளும் உண்டு. அங்கே தெரிந்தவருக்குப் பொறுப்பு இரண்டு மடங்கு.

சேர்க்கை நாளிலேயே இதை முகத்துக்கு நேரே சொல்லுங்கள். இரவுச் சாப்பாட்டு நேரத்திலாவது தமிழ் பேசுவோம் என்று ஒப்புக்கொள்ளாதவரிடம் பணம் வாங்காதீர்கள். 42 பேர் 20 பேராகக் குறைந்தால் குறையட்டும்.

இந்த ஆண்டு விழாவுக்குச் சீட்டு வேண்டாம், எட்டு வார ஒத்திகையும் வேண்டாம். புதிதாகச் சேர்ந்த பிள்ளை மேடையேறிக் கரும்பலகையில் தன் பெயரைத் தமிழில் எழுதட்டும். அதற்கு அடுத்த வகுப்புப் பிள்ளை பாட்டிக்குத் தான் எழுதிய நான்கு வரிக் கடிதத்தைப் படிக்கட்டும். 'வாளைப்பளம்' என்று படித்தாலும் நடுவில் எழுந்து திருத்தாதீர்கள். படித்த கடிதத்தை அன்றே உறையிலிட்டுத் தஞ்சாவூருக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அனுப்பிவிடுங்கள். உறையின் மேல் பாட்டியின் பெயரையாவது அந்தப் பிள்ளையே தமிழில் எழுத வேண்டும்.