மலையேறும் ஹாமுக்கு எந்த ரிக், எந்த ஆன்டெனா?

கேள்வி: சேலத்தில் இருக்கிறேன். ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் வாங்கி ஓராண்டு ஆகிறது. கையில் இருப்பது பாவ்ஃபெங் யுவி-5ஆர் ஹேண்டி (கையடக்க ரேடியோ) மட்டும். ஏற்காடு, கொல்லிமலை என்று ஏறி 2 மீட்டர் பேண்டில் (144–146 மெகாஹெர்ட்ஸ்) பேச ஆசை. போன முறை ஏற்காட்டில் ஹேண்டியின் பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்தது; இரைச்சல்தான் வந்தது. நான் பேசியது தெளிவாகக் கேட்டது என்று ஈரோட்டு நண்பர் சொல்கிறார். அவர் குரல் எனக்குத் துளியும் வரவில்லை. 50 வாட் மொபைல் ரிக் (வண்டியில் பொருத்தும் ரேடியோ) வாங்கலாமா, அல்லது ஐகாம் ஐசி-705 மாதிரி எல்லா முறையிலும் பேசும் ஆல்மோடு ரிக்கா? பை 3 கிலோவைத் தாண்டக்கூடாது.

பதில்: உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. அவருக்கு நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு அவர் கேட்கவில்லை. ஆகவே குறை அனுப்பும் பவரில் இல்லை, சிக்னலை வாங்கும் பக்கத்தில் இருக்கிறது. 50 வாட் வாங்கினால் ஈரோட்டில் இன்னும் உரக்கக் கேட்பீர்கள், அவ்வளவுதான். உங்கள் காது அதே செவிட்டுக் காதாகத்தான் இருக்கும்.

5 வாட் போதுமா என்ற சந்தேகத்தைக் கணக்குப் போட்டே தீர்த்துவிடலாம். ஏற்காட்டிலிருந்து ஈரோடு நேர்கோட்டில் ஏறத்தாழ 70 கி.மீ. 145 மெகாஹெர்ட்ஸில் அந்தத் தூரத்துக்குத் திறந்தவெளி இழப்பு சுமார் 113 டெசிபல் (ஒவ்வொரு 10 டெசிபலும் பத்து மடங்கு). 5 வாட் என்பது 37 டிபிஎம், அதாவது ஒரு மில்லிவாட்டைவிட 37 டெசிபல் மேலே. இரு பக்கமும் ஹேண்டியோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனா என்று வைத்து இன்னும் 10 டெசிபல் கழித்தாலும், போய்ச் சேரும் சிக்னல் −86 டிபிஎம் அளவில் இருக்கும். சாதாரண எஃப்எம் ரிசீவருக்கு 0.18 மைக்ரோவோல்ட் இருந்தால் பேச்சு புரியும். அது −122 டிபிஎம். மிச்சம் 36 டெசிபல், அதாவது தேவையைப் போல நாலாயிரம் மடங்கு. பாதை திறந்திருந்தால் அரை வாட்டே போதும். பாதை மறைந்திருந்தால் 50 வாட்டும் உத்தரவாதம் தராது.

எனவே மலையில் முதலில் பார்க்க வேண்டியது பாதை. ரேடியோ அடிவானத்தின் தூரம் கி.மீ. கணக்கில் 4.12 பெருக்கல், மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலம். கடல்மட்ட உயரத்தைப் போடாதீர்கள். சுற்றியுள்ள சமவெளியிலிருந்து எவ்வளவு உயரம் என்பதைப் போடுங்கள். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர், சேலம் 280 மீட்டர் அளவு. வித்தியாசம் 1,200 என்றால் அடிவானம் 140 கி.மீ. இந்தக் கணக்குப்படி திருச்சி எட்ட வேண்டும். ஆனால் வரைபடத்தில் கோடு போட்டுப் பாருங்கள், கொல்லிமலை குறுக்கே நிற்கிறது. திருச்சியோடு பேச வேண்டுமென்றால் கொல்லிமலையிலிருந்தே பேசுங்கள். அங்கேயும் இடம் முக்கியம். கொல்லிமலை கூர்மையான சிகரம் அல்ல, அகன்ற மேட்டுநிலம். நடுவில் உட்கார்ந்தால் அந்த மேடே உங்களை மறைக்கும். யாரோடு பேச வேண்டுமோ அந்தத் திசை பார்த்த விளிம்புக்கு, சீக்குப்பாறை மாதிரி திறந்த பாறைக்குப் போய் நிற்க வேண்டும். ஏற்காட்டில் சேலம் பக்கத்துக்கு லேடீஸ் சீட் விளிம்பு சரிவரும்.

இப்போது செவிட்டுத்தனத்துக்கு வருவோம். யுவி-5ஆர் உள்ளே இருப்பது ஆர்டிஏ1846 என்ற ஒற்றைச் சிப். அதற்கு முன்னால் கூர்மையான ஃபில்டர் கிடையாது. வீட்டில் அது தெரியாது. மலையில் செல்பேசி, காவல்துறை வயர்லெஸ், எஃப்எம் ஒலிபரப்பு என்று கோபுரங்கள் கண்ணுக்கெதிரே நிற்கும். கொடைக்கானலில் 100.5 மெகாஹெர்ட்ஸ் கோடைப் பண்பலை மாதிரி கிலோவாட் கணக்கில் ஒலிபரப்பும் நிலையத்தின் அருகே நின்றால், சிப்பின் முதல் கட்டமே திணறிப் போகும். திணறும்போது இரண்டு நடக்கும். ஒன்று, மெல்லிய சிக்னல் எதுவும் கேட்காது. இரண்டு, கோபுர சிக்னல்கள் ரிசீவருக்குள்ளேயே ஒன்றோடொன்று கலந்து இல்லாத சிக்னலை உண்டாக்கும். அதுதான் உங்கள் பச்சை விளக்கை எரிய வைக்கிறது. டோன் ஸ்க்வெல்ச் (குறிப்பிட்ட டோன் வந்தால் மட்டும் ஸ்பீக்கரைத் திறக்கும் வசதி) போட்டால் இரைச்சல் அடங்கும், செவிடு நீங்காது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

உறுதி செய்ய ஒரு எளிய சோதனை. நண்பரை விடாமல் பேசச் சொல்லுங்கள். ஹேண்டியின் ஆன்டெனாவைக் கழற்றி, அதன் அடியை இணைப்பியிலிருந்து ஒரு விரல்கடை தள்ளிப் பிடியுங்கள். பேசும் பட்டனை மட்டும் தொடவே தொடாதீர்கள். ஆன்டெனா இல்லாமல் அனுப்பினால் இறுதி டிரான்சிஸ்டர் போகும். இப்படிச் சிக்னலைக் குறைத்த பிறகு நண்பர் குரல் வர ஆரம்பித்தால், சந்தேகமே வேண்டாம், ஓவர்லோடுதான். உடனடி மருந்து ஐம்பதடி நடை: கோபுரத்துக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு பாறையோ சரிவோ வருகிற மாதிரி, நண்பர் இருக்கும் பக்கம் இறங்கி நில்லுங்கள். ஹேண்டியை நெஞ்சோடு பிடித்துக் கோபுரத்துக்கு முதுகு காட்டி நின்றாலே உடம்பு சில டெசிபல் தடுக்கும்.

நிரந்தர மருந்து மூன்று. முதலாவது, 144–146 மெகாஹெர்ட்ஸ் மட்டும் கடத்தும் பேண்ட்பாஸ் ஃபில்டர். வாங்கும்போது உள்ளிடை இழப்பு (ஃபில்டரே தின்னும் சிக்னல்) 1 டெசிபலுக்குள் இருக்கிறதா, உங்கள் ரிக்கின் பவரைத் தாங்குமா என்ற இரண்டையும் பாருங்கள். எஸ்டிஆர் டாங்கிளுக்கென்று (கணினியில் செருகும் ரிசீவர்) மலிவாக விற்கும் எஃப்எம் தடுப்பு ஃபில்டர் சிக்னலைக் கேட்பதற்கு மட்டுமே ஆனது. அதன் வழியாக 5 வாட் அனுப்பினால் கருகிவிடும். இரண்டாவது, நல்ல ரிசீவர். யேசு எஃப்டி-60ஆர் மாதிரி இரட்டை மாற்று சூப்பர்ஹெட் (சிக்னலின் அலைவரிசையை இரண்டு படியில் மாற்றி வடிகட்டும்) ஹேண்டி மலையில் யுவி-5ஆரைவிட எவ்வளவோ மேல். பேட்டரி, ஆன்டெனாவோடு 370 கிராம்தான். நல்ல நிலையில் பழையது கிடைத்தாலும் வாங்கலாம். மூன்றாவது, திசை பார்க்கும் ஆன்டெனா. இதற்குத்தான் உங்கள் பணத்தில் முதல் பங்கு போக வேண்டும் என்பேன்.

காரணம் எளிது. 5 வாட்டிலிருந்து 50 வாட்டுக்குப் போனால் 10 டெசிபல் ஏறும், அதுவும் அனுப்பும்போது மட்டும். ரப்பர் ஆன்டெனாவிலிருந்து மூன்று எலிமென்ட் (கம்பி) கொண்ட, திசை பார்க்கும் யாகி ஆன்டெனாவுக்குப் போனாலும் ஏறக்குறைய அதே 10 டெசிபல், ஆனால் இரு திசையிலும். அந்த யாகியை வீட்டிலேயே செய்யலாம். ரேடியோ ஒளிந்திருக்கும் இடம் தேடும் போட்டிக்காகப் பிரபலமான அளவு நாடா யாகி இது. 145 மெகாஹெர்ட்ஸுக்கு ஆரம்ப அளவுகள்: பின்னால் வரும் ரிஃப்ளெக்டர் 106 செ.மீ., கேபிள் சேரும் டிரிவன் எலிமென்ட் இரண்டு பாதி, தலா 45.5 செ.மீ., நடுவில் 2.5 செ.மீ. இடைவெளி, முன்னால் வரும் டைரக்டர் 90 செ.மீ. ரிஃப்ளெக்டரிலிருந்து டிரிவன் 20.5 செ.மீ., அங்கிருந்து டைரக்டர் 32 செ.மீ. 25 மி.மீ. அகல இரும்பு அளவு நாடா, அரை அங்குல பிவிசி குழாய், இரண்டு கிராஸ், ஒரு டீ, ஆறு ஹோஸ் கிளாம்ப் போதும். 12.5 செ.மீ. செம்புக் கம்பியை ‘ப’ வடிவில் வளைத்து இரண்டு பாதிக்கும் நடுவில் பற்றவைக்க வேண்டும். இந்த ஹேர்பின்தான் 50 ஓமுக்குப் பொருத்துகிறது. அதை விட்டுவிட்டு எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்தவில்லை என்று காட்டும் அளவு) இறங்கவில்லை என்று நாடாவை வெட்டிக்கொண்டே போகாதீர்கள்.

பற்றவைக்கும் முன் நாடாவின் பெயின்ட்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, ஃப்ளக்ஸ் தடவி, முதலில் ஈயம் பூசிக்கொள்ளுங்கள். இரும்பில் ஈயம் ஒட்டுவதற்கு நல்ல சூடு வேண்டும். 25 வாட் பற்றவைப்புக் கோல் திணறும், 60 வாட் எடுங்கள். நாடாவின் வெட்டிய முனைகள் கையைக் கிழிக்கும், மூலையை உருட்டித் தேய்த்து இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். மலையேறும்போது எலிமென்ட்களை மடக்கி பூமோடு (நடுக் குழாய்) ரப்பர்பேண்ட் போட்டுக்கொள்ளலாம். அவிழ்த்தால் தானாக நிமிரும். காற்று பலமானால் படபடக்கும், அது ஒன்றே இதன் குறை.

2 மீட்டர் எஃப்எம்மில் எல்லோரும் செங்குத்து துருவம்தான், அதாவது நிமிர்ந்து நிற்கும் ஆன்டெனாதான் பயன்படுத்துகிறார்கள். யாகியைப் படுக்கையாகப் பிடித்தால் 20 டெசிபல் வரை போகும், அதாவது யாகி தந்ததெல்லாம் வீண். செங்குத்தாகப் பிடிக்கும்போது கேபிளை எலிமென்ட்களுக்கு நடுவே தொங்கவிடாதீர்கள். அதுவும் ஒரு எலிமென்ட்டாக நடந்துகொண்டு வடிவத்தைக் கெடுக்கும். பூமை ஒட்டியே பின்னால் கொண்டுவந்து, ரிஃப்ளெக்டருக்குப் பின்னால் இறக்குங்கள். கைப்பிடியும் அங்கேதான் இருக்க வேண்டும்.

இந்த யாகியின் பின்பக்கம் நன்றாகச் செவிடு. அதனால் பின்பக்கத்தைக் கோபுரத்துக்குக் காட்டுங்கள், நண்பர் கொஞ்சம் ஓரத்தில் போனாலும் பரவாயில்லை. முன்பக்கம் அகலமானது, முப்பது டிகிரி விலகினாலும் பெரிய நட்டமில்லை. ஆனால் பின்பக்கச் செவிடு 2 மீட்டரை ஒட்டிய அலைவரிசைகளுக்குத்தான். 100 மெகாஹெர்ட்ஸ் ஒலிபரப்புக்கு ஃபில்டர்தான் கதி. மாறாக 150–160 பக்கம் வரும் வயர்லெஸ் சிக்னலைச் சட்டைப்பை அளவு ஃபில்டர் ஓரளவுதான் தடுக்கும், அதற்கு யாகியைத் திருப்ப வேண்டும். இரண்டும் சேர்ந்துதான் முழு மருந்து.

எல்லாத் திசையும் கேட்க, சுருட்டி வைக்கும் ஜே-போல் (தொங்கவிடும் செங்குத்து ஆன்டெனா) ஒன்று பையில் கிடக்கட்டும். 300 ஓம் ரிப்பன் கேபிளில் செய்தால் 100 கிராம்கூட வராது. தொங்கவிட ஃபைபர்கிளாஸ் மீன்தூண்டில் கம்பு வாங்குங்கள். கார்பன் ஃபைபர் வேண்டாம், அது மின்சாரம் கடத்தும். உயரமான கம்பு தேவையில்லை, உயரத்தை மலை தந்துவிட்டது. புல், பாறை, தலைகளைத் தாண்டினால் போதும். இன்றைக்கே செய்யக்கூடிய இன்னொன்று: 49 செ.மீ. கம்பியின் முனையை ஹேண்டி ஆன்டெனா இணைப்பியின் தரைப் பக்கத்தில் மாட்டித் தொங்கவிடுங்கள். ரப்பர் ஆன்டெனாவுக்கு இல்லாத மறுபாதியை அது கொடுக்கிறது.

கேபிளில் எடையைக் குறைக்கப் போய் சிக்னலை இழக்காதீர்கள். மெல்லிய ஆர்ஜி-174 இந்த அலைவரிசையில் மீட்டருக்கு 0.35 டெசிபல் அளவு தின்னும். 10 மீட்டர் போட்டால் பாதிக்கு மேல் பவர் கேபிளிலேயே தீர்ந்துவிடும். ஆர்ஜி-58 மீட்டருக்கு 0.2. மூன்று மீட்டர் ஆர்ஜி-58 வாங்குங்கள். ஹேண்டியில் அதை நேராக மாட்டினால் எஸ்எம்ஏ இணைப்பி ஆடி உடையும். ஒரு சாண் நீள மெல்லிய கேபிளில் ஒரு முனை எஸ்எம்ஏ, மறு முனை பிஎன்சி வைத்து இடையில் போடுங்கள். யுவி-5ஆர் உடம்பில் இருப்பது ஆண் எஸ்எம்ஏ, யேசு ஹேண்டிகளில் பெண். ஆர்டர் போடும் முன் ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

ஐசி-705 அருமையான ரிக். பேட்டரியோடு 1.1 கிலோ, தன் பேட்டரியில் 5 வாட், வெளி மின்சாரத்தில் 10 வாட். எஸ்எஸ்பியில் (குறுகிய பட்டையில் குரலை அனுப்பும் முறை) எஃப்எம் நலிந்து போன இடத்திலும் பேச முடியும். ஆனால் மறுமுனையிலும் எஸ்எஸ்பி ரிக், படுக்கை ஆன்டெனா வேண்டும். உங்கள் வட்டத்தில் அப்படி இருவராவது இருந்தால், அல்லது அதே ரிக்கில் எச்எஃப்பும் (சிற்றலை) பேச எண்ணம் இருந்தால் வாங்குங்கள். எஃப்எம் மட்டும்தான் என்றால் இந்தச் செலவு அவசியமில்லை. வெளி பேட்டரி நான்கு செல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டாக இருக்கட்டும்: முழுதாக 14.6 வோல்ட், வேலை நேரத்தில் 13 அருகே நிற்கும். மூன்று செல் லித்தியம் அயான் 12.6-இல் தொடங்கிச் சீக்கிரமே 11.7-க்குக் கீழே போகும். அதுதான் இந்த ரிக்கின் கீழ் எல்லை. கேட்பதற்கு 0.4 ஆம்பியர், பேச 3 ஆம்பியர், பத்தில் ஒரு பங்கு நேரம் பேச்சு என்றால் நான்கு மணி நேரத்துக்குச் சுமார் 2.6 ஆம்பியர் மணி ஆகும். 4 ஆம்பியர் மணி பேட்டரி போதும். பேட்டரி முனையிலேயே 5 ஆம்பியர் ஃப்யூஸ் போடுங்கள்.

எஃப்எம் மூட்டை, அதாவது ஹேண்டி, கூடுதல் பேட்டரி, யாகி, ஜே-போல், ஃபில்டர், கேபிள் எல்லாம் சேர்த்து ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும். மிச்ச எடைக்குத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் மூன்று விஷயம். உரிமத்தில் எழுதிய இடத்துக்கு வெளியே நிலையத்தை இயக்குவதற்கு விதிகள் சொல்லும் நடைமுறையைப் படித்து முடித்துக்கொள்ளுங்கள். வனத்துறை எல்லைக்குள் போவதானால் அனுமதியும் வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் மலையில் பிற்பகல் இடி சகஜம். காலையிலேயே ஏறி, நண்பகலுக்குள் கம்பை இறக்கிவிடுங்கள். எங்கோ ஒரு இடி காதில் விழுந்தாலே பேச்சை முறித்துக்கொண்டு, ஆன்டெனாவைச் சுருட்டி, விளிம்பை விட்டு இறங்கிவிட வேண்டும்.